சிஸ்டர் வீட்டுக்காரரின் பச்சைக் கார்

அந்தத் தெருவில் அவருடைய சொந்தப் பெயர் செல்லுபடியாகவில்லை. தெருப் பிள்ளைகளில் பாதிப் பேர் தங்கள் முதல் அழுகையை அவர் மனைவியின் கையில்தான் அழுதார்கள். பிரசவ ஆஸ்பத்திரியில் அத்தனை வருஷ வேலை. அதனால் மனைவி எல்லோருக்கும் சிஸ்டர். இவர் சிஸ்டர் வீட்டுக்காரர். தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். இவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. "வீட்டுக்காரர்னு ஒத்துக்கிட்டாங்களே, அதுவே பெரிசு" என்பார்.

அவர் தொழில் பல்செட் செய்வது. பல் டாக்டரின் அறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, ஜன்னலோரம் ஒரு மேஜை, அதன்மேல் யார் யாருடையவோ வாய் அச்சுகள். பல்லை ராவுகிற சக்கரம் காலையிலிருந்து மாலைவரை கீச்சென்று சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு பல் மயிரிழை உயரமாகிவிட்டாலும் போட்டுக்கொண்டவர் சாப்பிடும்போதெல்லாம் திட்டுவார். எங்கேயோ ஒரு வீட்டில் தன் தலை உருளுகிறது என்ற நினைப்பே இவருடைய தூக்கத்தைக் கெடுத்துவிடும். அதனால் ராவுவார், தடவிப் பார்ப்பார், மறுபடி ராவுவார்.

இப்படிப்பட்ட மனுஷருக்குக் கார் ஆசை எங்கிருந்து வந்தது என்றால், ஒரு கடைவாய்ப் பல்லிலிருந்து வந்தது. இவர் செய்த பல்லை மாட்டிக்கொண்ட ஒரு பெரியவர், மறுவாரம் ஒரு பழைய பச்சைக் காரில் வந்து இறங்கினார். கூரை இல்லாத, இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாக ஓடுகிற பந்தயக் கார். கரும்பைக் கடிக்க முடிகிறது என்ற சந்தோஷத்தில் பெரியவர் இவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். திரும்பி வந்து இறங்கியது உடம்பு மட்டும்தான். அசல் கார் வேண்டுமானால் வீட்டை விற்க வேண்டும். வீட்டை விற்றுவிட்டால் காரை எங்கே நிறுத்துவது? ஆகவே அச்சு அசலாக அதைப் போலவே ஒன்றைத் தானே கட்டிவிடுவது என்று முடிவு செய்துவிட்டார்.

கண்ணாடியிழையில் செய்த மேல்கூடு ஒன்று லாரியில் வந்தது. முதுகில் அடிபட்டுப் படுத்துவிட்ட ஒரு பழைய காரிலிருந்து இன்ஜினும் கியர்பாக்ஸும் வந்தன. சிஸ்டர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இது எப்ப முடியும்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அடுத்த வருஷம்" என்றார் இவர். அந்த அடுத்த வருஷம் பல வருஷமாக அடுத்த வருஷமாகவே இருந்தது. இதற்குள் மகள் படித்து முடித்து, கல்யாணமாகி, வேறு ஊரில் குடித்தனமும் வைத்துவிட்டாள்.

சோம்பேறித்தனம் என்று யாரும் சொல்ல முடியாது. மனுஷர் காரையும் பல்செட் மாதிரியே கட்டினார், அதுதான் விஷயம். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எங்கே இடிக்கின்றன என்று பார்க்க ஒரு நீலத்தாள் உண்டு; கடித்தால் இடிக்கிற இடத்தில் நீலம் ஒட்டும். அதைக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்துக் கதவைச் சாத்துவார். நீலம் ஒட்டிய இடத்தைக் கொஞ்சம் ராவுவார். மறுபடி தாள், மறுபடி சாத்தல். ஒரு கதவுக்கே ஒரு மழைக்காலம் போயிற்று. ஆனால் அந்தக் கதவு மூடும்போது பார்க்க வேண்டும். குழந்தை வாயை மூடுவது போல மூடும். கியர் தடியின் குமிழைக்கூடப் பல்செட்டுக்கு ஈறு வார்க்கிற பசையிலேயே வார்த்தார். அது ஈறு நிறத்தில் வந்துவிட்டது.

"மாமா, கியர் போடும்போது கடிச்சிடாதே?" என்று கேட்டார் மச்சினர்.

மச்சினர் என்பது சிஸ்டரின் தம்பி. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பிரேக்கை மிதிக்க வேண்டிய நேரத்தில் ஆக்ஸிலேட்டரை மிதிப்பவர்களிடம் கத்திக் கத்தியே அவருடைய குரல் முரசு மாதிரி ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார், ஷெட்டில் ஒரு டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கையை அழுக்காக்காமல் யோசனை மட்டும் சொல்வார்.

கடைசியில் கார் முடிந்தது. முடிந்தது என்றால், பெயின்ட் பளபளக்கிறது, விளக்கு எரிகிறது, பிரேக் பிடிக்கிறது. ஆனால் வீட்டில் கட்டிய காரை ரோட்டில் ஓட்டப் பரிசோதனை நிலையத்தின் சீட்டு வேண்டும். முதல் தடவை கொண்டுபோனபோது இன்ஜின் கழுத்தை அறுத்துவிட்டது. நின்றபடி ஓடும்போது ஒரு சீராக இல்லை; குலுங்கியது, திணறியது, புகையில் பெட்ரோல் வாடை. பரிசோதகர் தலையை ஆட்டினார். "வேலைப்பாடெல்லாம் பிரமாதம் சார். கார்புரேட்டரைச் சரி பண்ணிட்டு வாங்க."

அந்த இன்ஜினுக்கு இரண்டு கார்புரேட்டர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து ஊட்டுகிற இரண்டு வாய்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கப் பழைய மெக்கானிக்குகளின் வழி ரொம்ப எளிது: ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் கார்புரேட்டர் வாயருகே பிடித்தால், காற்று உள்ளே போகிற 'ஸ்ஸ்' கேட்கும். இரண்டு பக்கமும் ஒரே 'ஸ்ஸ்' வரும்வரை திருகைத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான்.

இவர் குழாயை வைத்துக் கேட்டார். இன்ஜினின் தடதடப்புக் கேட்டது. சீறலைக் காணோம். அடைப்பு என்று நினைத்து இடது பக்கத்தைக் கழற்றினார், பெட்ரோலில் கழுவினார், பல் துலக்குகிற மாதிரி துளை துளையாகத் துலக்கி மாட்டினார். அப்போதும் காணோம். வலது பக்கத்தைக் கழற்றினார். அங்கேயும் காணோம். புது வாஷர், புது ஊசி, புதுக் குழாய். அந்த இரண்டு கார்புரேட்டரும் பிறந்த அன்றுகூட அத்தனை சுத்தமாக இருந்திருக்காது. இன்ஜின் மட்டும் தன் பாட்டுக்குத் திணறிக்கொண்டிருந்தது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சினர் வந்தார். டப்பாவில் உட்காராமல் ஷெட் வாசலிலேயே நின்றார்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. அக்கா சொல்லிச்சு. உங்க கார் வேலை முடியட்டும்னுதான் காத்திருக்காம், பாஸ் ஆனதும் பொண்ணு வீட்டோட போய் இருந்துடப் போகுதாமே? ஆஸ்பத்திரி வேலையையும் விட்டுடறேன்னு எழுதிக் குடுக்கப் போகுதாம். உங்ககிட்டயும் கேட்டுச்சாம், நீங்களும் சரின்னுட்டீங்களாம்."

இவர் கையிலிருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது. கேட்டாளா? எப்போது கேட்டாள்?

"ஆமா... சொன்னா, சொன்னா" என்று பூசி மெழுகினார்.

"என்ன மாமா இவ்வளவு சாதாரணமா சொல்றீங்க? 'அவர்கிட்ட பேசறதுக்குச் செவுத்துகிட்ட பேசலாம்டா, எதைச் சொன்னாலும் ம்ம்னு ஒரு தலையாட்டல்'னு அக்கா கண்ணைத் துடைச்சுக்கிட்டுச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு." பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ, மச்சினர் ரப்பர் குழாயை எடுத்துத் தன் காதில் வைத்து மறுமுனையைக் கார்புரேட்டர் பக்கம் நீட்டினார். உடனே முகத்தைச் சுளித்துக் குழாயைப் பிடுங்கினார். "அப்பாடி! இந்தப் பக்கம் என்னமா சீறுது மாமா! காதைக் கிழிக்குது. அந்தப் பக்கம் பாதிகூட இல்ல. இதை வெச்சுக்கிட்டா இத்தனை நாளாத் தடவிக்கிட்டு இருக்கீங்க?"

இவர் குழாயை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டார். அதே பக்கம், அதே இடம். தடதடப்பு மட்டும்தான் கேட்டது. மச்சினர் உதட்டையே பார்த்தபடி, "ஆமாமா, சீறுது" என்று சொல்லிக் குழாயைச் சுருட்டி வைத்தார். மச்சினர் போன பிறகு ஷெட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ராவுகிற சக்கரம் அத்தனை வருஷம் காதருகே கீச்சிட்டதற்குச் சம்பளம் தனியாக எடுத்துக்கொண்டிருக்கிறது. கனத்த குரல் கேட்கும். மச்சினர் கேட்கும், டாக்டர் கேட்கும், லாரி கேட்கும். மெல்லிய குரலும் சீறலும் போய்விட்டன. ஒரே நாளில் போயிருந்தால் தெரிந்திருக்கும். இது பல் தேய்கிற மாதிரி தேய்ந்திருக்கிறது. அவருக்கும் அரைகுறையாகத் தெரியாமல் இல்லை; மகள் போன் செய்தால் இரண்டு வார்த்தைக்குள் "அம்மாகிட்ட பேசு" என்று நீட்டிவிடுவதை ஏன் பழக்கமாக்கிக்கொண்டார்? கேட்காத இடத்தில் 'ம்ம்' போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கு இப்போது பெண்டாட்டியையே கொண்டுபோகப் பார்க்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், மனுஷர் டாக்டரிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார்: "வயசாக ஆக எங்க வீட்டுக்காரி ரொம்ப அமைதியாயிட்டா சார். பேச்சே கிடையாது." சிஸ்டராவது, அமைதியாவது! பிரசவ வார்டையே கட்டி மேய்க்கிற குரல் அது.

அவர் அந்த வாரம் முழுக்கக் கார் பக்கம் போகவில்லை. கார் பாஸ் ஆனால்தானே அவள் போவாள்? ஆகாவிட்டால்? ஷெட்டைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டார். எந்தக் காருக்காகச் சோறு தண்ணி மறந்தாரோ, அந்தக் கார் தூசி படிந்து நிற்பதில் முதல் தடவையாக ஒரு நிம்மதி. ஆனால் அலமாரியின் மேலிருந்த பெரிய சூட்கேஸ் கீழே இறங்கி, துடைக்கப்பட்டு, படுக்கையறைச் சுவரோரம் நின்றது. அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவளிடம் எத்தனை ஆசை வைத்திருக்கிறோம் என்பது, இத்தனை வருஷம் கழித்து, ஒரு சூட்கேஸைப் பார்த்துத்தான் அவருக்கு உறைத்தது.

சனிக்கிழமை மத்தியானம். சிஸ்டர் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் எழுந்து வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். முகத்துக்கு நேரே பேசியதால் கேட்டது.

"என்னங்க, கார் பக்கமே போகலையே? உடம்புக்கு முடியலையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. காதுதான்."

"காதுல என்ன?"

"கேக்கல." சொல்லிவிட்டார். வெளியே வந்த பிறகு மீதியும் தானாக வந்தது. "நீ போறேன்னு கேட்டது எனக்குக் கேக்கலம்மா. சத்தியமாக் கேக்கல. எதுக்கோ ம்ம்னு சொல்லியிருக்கேன். நீ சொல்றது பாதி எனக்குக் கேக்கறதே இல்ல. ரொம்ப நாளா."

சிஸ்டருக்கு முதலில் வந்தது கோபம். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "எத்தனை நாளா? ஏன் சொல்லல? ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் காது கேக்குதான்னு கைதட்டிப் பாக்கறவ நான். என் வீட்டுலயே..." என்று சொல்லி நிறுத்திவிட்டு, அவர் தோளைப் பிடித்துச் சுவரைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார். "திரும்பக் கூடாது. நான் பேசறது கேட்டா கையைத் தூக்குங்க."

வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பையன் மாதிரி அவர் சுவரைப் பார்த்து நின்றார். பின்னால் என்னவோ நடக்கிறது என்று மட்டும் தெரிந்தது. வெகு நேரம் நடந்தது. கைகளைத் தொடையோடு ஒட்டிவைத்துக் காத்திருந்தார். ஒரு தடவைகூடக் கையைத் தூக்க வேண்டி வரவில்லை. கடைசியில் முதுகில் ஒரு கை விழுந்தது. திரும்பினார். சிஸ்டரின் கண்கள் சிவந்திருந்தன. முகம் மட்டும் ஏதோ பாரத்தை இறக்கி வைத்தது போலிருந்தது.

"என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்ல" என்று மூக்கை உறிஞ்சினார் சிஸ்டர். "இத்தனை வருஷமாச் சேத்து வெச்சிருந்ததையெல்லாம் திட்டித் தீத்துட்டேன். நல்லவேளை, ஒண்ணும் கேக்கல."

அதற்குப் பிறகு இருவரும் சிரித்தார்கள். கொஞ்சம் அழவும் செய்தார்கள். திங்கட்கிழமையே காது டாக்டரிடம் போவது என்று சிஸ்டர் உத்தரவு போட்டார். கருவி பொருத்தக் காதுக்குள் அச்சு எடுப்பார்கள் என்றதும், "அச்சுன்னா நானே எடுத்துக் குடுத்துடறேனே, அவங்க சரியா எடுப்பாங்களோ என்னவோ" என்றார் இவர். எல்லாம் பேசினார்கள். சூட்கேஸைப் பற்றி மட்டும் சிஸ்டர் வாயைத் திறக்கவில்லை. கேட்க இவருக்கும் தைரியம் வரவில்லை. அவள் பட்ட மனக்கஷ்டம் பட்டதுதானே. காது மந்தம் என்று சொல்லிவிட்டதால் அது நடக்கவில்லை என்றாகிவிடுமா?

"முதல்ல அந்தக் காரை முடிங்க" என்றார் சிஸ்டர். "கையோட முடிச்சிடலாம், வாங்க."

ஆஸ்பத்திரிப் பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கொண்டு சிஸ்டரே முன்னால் ஷெட்டுக்கு நடந்தார். நெஞ்சில் வைக்கிற வட்டத் தகட்டைக் கழற்றிவிட்டு, வெறும் குழாயைக் கார்புரேட்டர் வாயருகே பிடித்தார். இவர் இன்ஜினைக் கிளப்பிவிட்டு ஸ்குரூ டிரைவரோடு குனிந்து நின்றார். சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு இடது பக்கம் கேட்டார், வலது பக்கம் கேட்டார், மறுபடி இடது. வயிற்றுக்குள் இருக்கிற இரட்டைப் பிள்ளைகளின் நெஞ்சுத் துடிப்பை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் கேட்ட காது அது.

இன்ஜின் சத்தத்தில் பேசி லாபமில்லை. விரலைத் தூக்கினால் திற, கவிழ்த்தால் மூடு, உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து என்று வைத்துக்கொண்டார்கள். இவர் திருகைத் திருப்பினார் என்று சொல்வதே அதிகம். நினைத்தார், அது நகர்ந்தது. அவ்வளவு நுணுக்கமான கை. சிஸ்டரின் விரல் மேலே போனது, கீழே வந்தது, பாதியில் தயங்கியது. சட்டென்று இவருடைய இடது உள்ளங்கைக்குக் கீழே, மட்கார்டில், குலுக்கல் நின்றுபோயிற்று. அவர் அதைக் கேட்கவில்லை, கையால் உணர்ந்தார். நிமிர்ந்து பார்த்தபோது சிஸ்டர் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நின்றார். பெஞ்சின் மேலிருந்த டம்ளர் தண்ணீரை இவர் மட்கார்டில் வைத்தார். சிறு சுருக்கம் மட்டும் விழுந்தது, சிந்தவில்லை.

பரிசோதனை நாள் வந்தது. மற்றவர்கள் பாஸ் ஆக வேண்டுமே என்று கும்பிடுவார்கள். இவருக்கு இரண்டு பக்கமும் இடி. சிஸ்டர் சேலை மாற்றப் போயிருந்த நேரத்தில் பானட்டைத் தூக்கி அந்தத் திருகைப் பார்த்தார். கால் சுற்றுப் போதும். புகை மாறும், பரிசோதகர் தலையை ஆட்டுவார், சூட்கேஸ் இன்னும் கொஞ்ச நாள் சுவரோரமே நிற்கும். ஸ்குரூ டிரைவரின் நுனி திருகின் வெட்டில் போய் உட்கார்ந்தும்விட்டது. ஆனால் அது அவள் காதால் வைத்த அளவு. அதைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஸ்குரூ டிரைவரைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, பானட்டையும் மூடினார்.

பரிசோதகர் அடியில் படுத்துப் பார்த்தார், பிரேக்கை மிதித்துப் பார்த்தார், புகையை இயந்திரத்தில் பிடித்துப் பார்த்தார். "சத்தம் கொஞ்சம் ஜாஸ்திதான் சார். ஆனா அளவுக்குள்ள இருக்கு."

"அப்படிங்களா? எனக்கு ஒண்ணும் பெரிசாத் தெரியலையே" என்றார் இவர். சிஸ்டர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சீட்டில் முத்திரை விழுந்தது. கார் பாஸ்.

வெளியே வந்தார்கள். கூரையில்லாத காரில், வெயிலில், தெருவில் போகிறவர்களெல்லாம் நின்று பார்க்க, தான் கட்டிய கார் தன் காலுக்கடியில் பூனைக்குட்டி மாதிரி ஓட, அவர் இழவு வீட்டுக்குப் போகிற முகத்தோடு ஓட்டிக்கொண்டிருந்தார். சிஸ்டருக்கோ முகமெல்லாம் சிரிப்பு. பறக்கிற தலைமுடியை ஒரு கையால் பிடித்தபடி, எதிரே ரோட்டைப் பார்த்துக்கொண்டே என்னவோ சொன்னார். உதடு அசைந்தது தெரிந்தது. காற்று அதை வாரிக்கொண்டு போய்விட்டது.

தலையாட்டத் தயாராக இருந்த கழுத்தை அவர் பிடித்து நிறுத்தினார். பின்னால் வந்த வண்டி ஹாரன் அடிக்க அடிக்க, காரை ஓரம் கட்டினார். அந்த அருமை இன்ஜினை அணைத்தார். உடம்பை முழுதாக மனைவி பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கேக்கலம்மா. இப்ப சொல்லு."

"அட, இதுக்கா நிறுத்துனீங்க? பொண்ணு போன் பண்ணினா, காரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றா, அதைத்தான் சொன்னேன்."

"நீ எப்ப அங்க போறே?" கேட்டே விட்டார்.

சிஸ்டர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, என் புத்தி! நான் போகலங்க. பொண்ணுகிட்டயும் சொல்லிட்டேன். காலையில டீ போடும்போது உங்ககிட்டயும் சொன்னேனே. திரும்பி நின்னுக்கிட்டு அடுப்பைப் பாத்துச் சொன்னேன் போல... அப்ப இவ்வளவு நேரம் நான் போறேன்னு நினைச்சுக்கிட்டா ஓட்டிக்கிட்டு வந்தீங்க?"

அவர் காதை மனைவி பக்கம் சாய்த்தார்.

"இன்னொரு தடவை சொல்லு."

"ஏன், கேக்கலையா?"

"கேட்டுச்சு. இருந்தாலும் சொல்லு."

சிஸ்டர் அவர் காதருகே குனிந்து, எதிரே டயர் கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னார்.